சொந்தக்காரர் இல்லாத ஊர்

சபாரத்தினம் பதினெட்டு வருடத்தில் ஏழு நாடு சுற்றியவர். பார்த்தது என்னவென்று கேட்டால் ஏழு நாட்டு வரவேற்பறைகள். பாரிஸில் ஆறு நாள் நின்றார். ஐஃபல் கோபுரத்தை, திரும்பி வருகிற அன்று, மச்சானின் காருக்குள் இருந்தபடி ஒரு லொறிக்கும் பாலத்துக்கும் இடையில் பார்த்தார். லண்டனில் பார்த்தது மூன்று பெண்பிள்ளைகளின் சாமத்தியச் சடங்கு வீடியோ. அதில் ஒரு சடங்குக்கு அவர் நேரிலேயே போயிருந்தவர். ரொறன்ரோவில் நயாகராவுக்கு வெளிக்கிட்ட நேரம் பார்த்து யாரோ இடியப்பம் அவித்துவிட்டார்கள். அவித்ததை அப்படியே விட்டுவிட்டுப் போக முடியுமா? சமாதானம் வந்துவிட்டதென்று யாழ்ப்பாணம் போன வருடம் இருபத்தெட்டு நாளில் நாற்பத்தொரு வீட்டில் தேத்தண்ணி குடித்து, வயிறு எரிய ஒஸ்லோ வீட்டுக்குத் திரும்பி வந்து சேர்ந்தார்.

எங்கள் சனத்தின் பயணம் என்பதே இதுதான். ஊர் பார்க்க யாரும் போவதில்லை. ஆள் பார்க்கத்தான் போவது. ஒரு வீட்டைத் தவறவிட்டால் அந்த வீட்டுக்காரர் அடுத்த கலியாணவீடு வரைக்கும் முகத்தைத் தூக்கி வைத்திருப்பார்கள்.

ஆகவேதான் 2005ஆம் ஆண்டு மாசி மாதம், ஆஸ்பத்திரிச் சமையலறையில் கிழங்கு சீவிக்கொண்டிருந்தபோது, சபாரத்தினம் சீனாவைத் தேர்ந்தெடுத்தார். சீனாவில் அவருக்கு என்ன இருக்கிறது? ஒன்றும் இல்லை. ஒருவரும் இல்லை. அதுதான் விசேஷம்.

மகள் யதுர்ஷா சித்திரையில் பள்ளிக்கூடத்தோடு போலந்துக்குப் போகிறாள். அந்தப் பத்து நாளும் அவரும் மனைவி தங்கேஸ்வரியும் மட்டும். பெய்ஜிங்கில் ஐந்து நாள், ஷாங்காயில் ஐந்து நாள். கலியாணம் கட்டிய நாளிலிருந்து அவர்கள் இருவரும் தனியாக எங்கும் போனதில்லை. பூங்காவில் வாங்கு ஒன்றில் பக்கத்தில் பக்கத்தில் இருந்து, யாரையும் சுகம் விசாரிக்காமல், போகிற வருகிற சனத்தைப் பார்க்க வேண்டும் என்பது அவருடைய ஆசை. ஐம்பத்திரண்டு வயதில் இதை வாய்விட்டுச் சொல்ல அவருக்கு வெட்கமாக இருந்தது. அதனால் செலவு குறைவு என்று மட்டும் சொன்னார்.

செலவு உண்மையிலேயே குறைவுதான். யதுர்ஷா கணினியில் எடுத்துக் கொடுத்ததை எல்லாம் அவர் ஒரு கொப்பியில் எழுதினார். பெய்ஜிங்கில் ஜிங்ஷான் என்றொரு குன்று. சீட்டு இரண்டு யுவான். உச்சியில் நின்றால் அரசர்களின் அரண்மனைக் கூரை அத்தனையும் காலடியில் மஞ்சளாகக் கிடக்கும். காலையில் பூங்காவுக்குப் போனால் கிழடு கட்டைகள் எல்லாம் ஆடும், பாடும். நாமும் சேர்ந்து ஆடலாம், காசு கட்டத் தேவையில்லை. ஷாங்காயில் ஆற்றங்கரையில் நடந்தால் ஒரு பக்கம் பழைய வெள்ளைக்காரன் கட்டடங்கள், மறு பக்கம் புதுக் கோபுரங்கள். அதுவும் காசில்லை. அக்கரைக்குப் போக வேலைக்குப் போகிற சனம் ஏறுகிற படகு இருக்கிறது, சில்லறைக் காசு போதும்.

"எல்லாம் கிறாத்திஸ், பப்பா," என்றாள் யதுர்ஷா. இலவசம் என்ற சொல் அவளுக்கு நோர்வேஜிய மொழியில்தான் வாயில் வரும்.

தங்கேஸ்வரி கொப்பியை ஒழுங்காக வாசித்தாள். வாசித்து முடித்து ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"அங்கை எங்கடை ஆக்கள் ஆர் இருக்கினம்?"

"ஒருத்தரும் இல்லை."

"அப்பிடி இருக்காது," என்றுவிட்டு அவள் தொலைபேசியை எடுத்தாள்.

மூன்று கிழமை. ரொறன்ரோவில் அண்ணியைக் கேட்டாள், அண்ணி மெல்பேர்னில் தன் தங்கையைக் கேட்டாள், தங்கை தன் புருசனைக் கேட்டாள். அவருடைய தம்பி பிலேந்திரன் ஷாங்காயில் கப்பல் திருத்துகிற கொம்பனி ஒன்றில் எஞ்சினியர். மனைவி பெயர் உதயகுமாரி. போய் இரண்டு வருடம். நூற்று முப்பது கோடி சனத்துக்குள் இருந்தாலும் தங்கேஸ்வரி ஒரு ஆளைப் பொறுக்கி எடுத்திருப்பாள். அடுத்த நாளே ஒஸ்லோவில் எங்கள் சாமான்கடைகள் இருக்கிற குறொன்லாண்டுக்குப் போய் மிளகாய்த்தூளும் கருவாடும் மூன்று கிலோ பனங்கிழங்கு ஒடியலும் வாங்கி வந்தாள்.

சபாரத்தினம் கொப்பியை மூடி வைத்தார். ஷாங்காய் போச்சு. இனி அங்கே ஐந்து நாளும் பிலேந்திரனின் சோபா, பிலேந்திரனின் புட்டு, பிலேந்திரனின் கலியாண வீடியோ. அவர் யோசித்தார். யோசித்து, மனிதர் செய்யக் கூடாத காரியம் ஒன்றைச் செய்தார். வேலை இடைவேளையில் ஒரு போன் கார்ட் வாங்கி ஷாங்காய்க்கு அடித்து, பயணத்தில் மாற்றம், பெய்ஜிங் மட்டும்தான் வருகிறோம் என்று சொல்லிவிட்டார்.  "பறவாயில்லை அண்ணை," என்றான் பிலேந்திரன். ஆனால் போனை வைக்கவில்லை. சபாரத்தினம்தான் வைத்தார்.

வீட்டில், ஷாங்காயில் ஹோட்டல் விலை கூடிப்போச்சு, பத்து நாளும் பெய்ஜிங்தான் என்றார். பிலேந்திரன் வீடு இருக்கும்போது ஹோட்டல் எதற்கு என்று தங்கேஸ்வரி கேட்டாள். பிலேந்திரனுக்கு வேலையாம், இடம் வசதி இல்லையாம், அவனே சொன்னான் என்றார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவனுக்குச் சோறாவது நிறைய வேண்டும். சபாரத்தினத்திடம் ஒரு கரண்டிதான் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை அவர் குசினிக்குள் போனபோது தங்கேஸ்வரி வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

"உதயகுமாரியோடை கதைச்சனான்," என்றாள். "பிள்ளை எங்களுக்கெண்டு ரெண்டு மெத்தை வாங்கி வைச்சிருக்கிறாள். ஏன் வரேல்லை, தான் ஏதும் பிழையாய்க் கதைச்சிட்டனோ எண்டு அழுகிறாள்."

குட்டு வெளிப்பட்டுவிட்டது. சபாரத்தினம் கதிரையில் உட்கார்ந்தார். இனி ஒளிக்க ஒன்றுமில்லை என்பதால் உள்ளதைச் சொன்னார்.

"எனக்கு உம்மோடை தனியப் போகோணும், தங்கேஸ். ஒருத்தரும் இல்லாத ஊருக்கு. ஒருக்கா எண்டாலும்."

அவள் கோபிக்கவில்லை. வெங்காயத்தைக் கீழே வைத்தாள்.

"நான் போயிட்டன்," என்றாள்.

"எங்கை?"

"இஞ்சைதான். எண்பத்தேழாம் ஆண்டு, நாங்கள் முதல் இருந்த ஹவுகன்ஸ்டுவாவிலை. நீங்கள் காலமை ஒரு வேலை, பின்னேரம் ஒரு வேலை. நான் பதினொரு மாசம் ஒஸ்லோவிலை காசில்லாமல் பாக்கிறதெல்லாம் பாத்து முடிச்சனான். ரெயில் ஸ்டேசனிலை இருந்து சனம் பாத்தனான். சிலையள் நிக்கிற பார்க்கிலை ஒவ்வொரு சிலையாய் எண்ணினனான், பிறகு திருப்பி எண்ணினனான். துறையடிக்குப் போய்க் கப்பல் பாத்தனான். ஒரு நோர்வேக்காரக் கிழவி நாயோடை வரும், எனக்கு 'ஹாய்' எண்டு சொல்லும். அண்டைக்கு நான் ஒரு ஆளோடை கதைச்சது அவ்வளவுதான். நாய்க்குப் பேர் பம்சே. இந்த நாட்டிலை எனக்கு முதல் தெரிஞ்ச ஆள் அந்த நாய்."

  அந்தப் பதினொரு மாதமும் அவள் வீட்டில் சமைத்துக்கொண்டு சுகமாக இருந்தாள் என்றுதான் சபாரத்தினம் நினைத்திருந்தார். தன் முதுகு நொந்ததைப் பற்றி நிறையப் பேருக்குச் சொல்லியிருக்கிறார். இதைப் பற்றி அவளிடம் ஒரு நாளும் கேட்டதில்லை. அது அவருக்கு வெட்கமாக இருந்தது, சீனாவில் ஒரு வாங்கில் இருக்க ஆசைப்பட்ட வெட்கத்தை விடப் பெரிய வெட்கம்.

"நீர் எனக்குச் சொல்லேல்லையே," என்றார்.

"நீங்கள் வந்து சாப்பிட்டிட்டு நித்திரை கொண்டிடுவியள். ஆருக்குச் சொல்லுறது?" அவள் திரும்பவும் வெங்காயத்தை எடுத்தாள். "நீங்கள் கேட்டால் பெய்ஜிங்குக்கும் வாறன். இந்தமுறை பக்கத்திலை நீங்கள் இருப்பியள்தானே. ஆனால் அந்தப் பிள்ளைக்கு என்ன சொல்லுறது எண்டு நீங்களே சொல்லுங்கோ."

சபாரத்தினம் எழும்பிப் போய் தொலைபேசியை எடுத்தார். பிலேந்திரன் எடுப்பான், மன்னிப்புக் கேட்டுவிடலாம் என்று நினைத்தார். எடுத்தது உதயகுமாரி. அங்கே பின்னேரம். அவருக்கு மன்னிப்பு வரவில்லை, வேறொரு கேள்விதான் வந்தது.

"தங்கச்சி, அவர் வேலைக்குப் போனால் பகலிலை நீர் என்ன செய்யிறனீர்?"

"நடக்கிறனான் அண்ணை," என்றாள் உதயகுமாரி.

"பிறகு?"

"பிறகு திரும்பி நடந்து வாறனான்."

குசினியில் கத்திச் சத்தம் நின்றிருந்தது. பெய்ஜிங்கில் ஹோட்டல் பதிவு செய்தாயிற்று. அதை யதுர்ஷாவிடம் சொல்லி வெட்டிவிடலாம்.

"மெத்தையைத் திருப்பிக் குடுத்துப் போடாதையும்," என்றார் சபாரத்தினம். "நாங்கள் பத்து நாளும் உங்களோடைதான்."