குட்டைக் கைச் சிலுவை

நோரா வரப்போகிறாள் என்று தெரிந்ததும் செலின் செய்த முதல் காரியம், வீட்டுச் சிலுவையைத் தச்சர் செல்லக்கண்ணுவிடம் கொடுத்துக் கை வைக்கச் சொன்னதுதான். நல்லது செய்கிறோம் என்றுதான் நினைத்தாள், பாவம். நான்கு தலைமுறையாகச் சுவரில் தொங்கும் மரச்சிலுவை அது. உயரம் ஒரு சாண் இருக்கும்; இரண்டு பக்கக் கையும் கட்டைவிரல் நீளங்கூட இல்லை. எலி கடித்துவிட்டது என்பார் அப்பா. அயர்லாந்திலிருந்து கடல் தாண்டி வருகிறவளிடம் மொண்டிச் சிலுவையையா காட்டுவது? தேக்கில் இரண்டு துண்டு ஒட்டி, பாலிஷ் போட்டு மாட்டிய பிறகுதான் செலினுக்கு வயிறு குளிர்ந்தது. சேசுவின் கைகள் மேலே தூக்கிச் செதுக்கியிருந்ததால் புதுத் துண்டுகள் வெறுமையாக நீட்டிக்கொண்டு நின்றன. அதனால் என்ன?

பர்மாவுக்கு வந்து இன்சீனில் ரயில் ஓட்டிய டானியல் என்ற ஐரிஷ்காரர் செலினுடைய அப்பாவுக்குத் தாத்தா. ஆரோக்கியம் என்ற தமிழ்ப் பெண்ணோடு குடும்பம் நடத்தினார். கோயில் பதிவேட்டில்தான் அந்தக் கல்யாணம் ஏறவே இல்லை. “வெள்ளைக்காரன் பேத்தி வர்றா, வழி விடுங்கப்பா” என்று பூசை முடிந்து வருகிறவர்கள் அடித்த கேலி, ஐம்பத்தெட்டு வயதிலும் அவளுக்கு உள்ளே உறுத்திக்கொண்டிருந்தது. நோரா, டானியலின் தம்பி வழியில் வந்தவள். நீ எங்கள் வீட்டுப் பெண் என்று அவள் ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

அவள் வந்த பிற்பகலில் தாகேதா தெரு முழுக்க மழைத்தண்ணீர். கரண்ட் இல்லை. ஜன்னல் வழியாக வந்த நீர்வெளிச்சம் கூரையில் மெல்ல அலைந்துகொண்டிருந்தது. இதெல்லாம் கனவோ என்று செலினுக்குச் சந்தேகமாகவே இருந்தது. நரைத்த செம்பட்டைத் தலையோடு நோரா சிலுவையின் முன் வெகுநேரம் நின்றாள். பிறகு தலையை ஆட்டிவிட்டு, கப்பலில் சமையல் வேலை பார்த்து இங்கிலீஷ் கற்ற கணவர் ஜேசுராஜிடம் என்னவோ மெதுவாகச் சொன்னாள்.

“இது இல்லையாம் செலினு,” என்றார் ஜேசுராஜ், மனைவியின் முகத்தைப் பார்க்காமல். “அவங்க நாட்டுல ஒரு காலத்துல நம்ம கத்தோலிக்க வேதக்காரங்களுக்கு மதிப்பே கிடையாதாம். நாட்டை ஆண்டவங்க வேற சபையாம். நிலம் வாங்கக் கூடாது, பள்ளிக்கூடம் நடத்தக் கூடாது. நல்ல குதிரை வச்சிருந்தா எவனாச்சும் அஞ்சு பவுனை வீசிட்டு ஓட்டிட்டுப் போயிரலாமாம். மலையில, பாறை மேல, ஒளிஞ்சுதான் பூசையே.”

“வெள்ளைக்காரங்களுக்குள்ளயேவா?”

“ஆமாங்கிறேன்! சிலுவையைச் சட்டைக் கைக்குள்ள மறைக்கணுமில்ல? அதுக்காவ கையைக் குட்டையா செதுக்குவாங்களாம். டானியல் கொண்டாந்ததும் அப்படித்தானாம். அவரு எழுதின கடுதாசி இருக்காம்.”

வெள்ளைக்காரர் என்றால் கோயிலில் முன்வரிசைப் பெஞ்சு என்றே நினைத்து வளர்ந்தவள் செலின். மலைச்சரிவில் மழையில் நனைந்தபடி, சட்டைக் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நிற்பவர்கள் இப்போது கண்ணுக்குள் வந்து நின்றார்கள். ஐயோ, இத்தனை நாளும் குட்டையாகத்தானே இருந்தது! இப்போது சொன்னால் யார் நம்புவார்கள்? நோரா கேமராவைப் பைக்குள் வைத்துக்கொண்டிருந்தாள்.

செலின் முக்காலியில் ஏறிச் சிலுவையைக் கழற்றினாள். அடுப்படியிலிருந்து கத்தியை எடுத்துவந்து ஒட்டில் கொடுத்து நெம்பினாள்.

“அடியே, என்ன பண்ற?”

“எலி கடிக்கலைங்க. இத்தனை வருஷமா அதுமேல பழி போட்டுட்டோம்.”

ஒரு துண்டு சுத்தமாக வந்தது. மற்றது சிராய் சிராயாகப் பிய்ந்தது. செலின் அழுதுகொண்டே நீட்டினாள்.

நோரா வாங்கினாள். ஒட்டியிருந்த பசையை நகத்தால் சுரண்டினாள். செலின் காத்திருந்த அந்த ஒரு வார்த்தை வரவில்லை. விருந்தாளிக்காக செலின் போட்டிருந்த நீளக்கைப் பர்மியச் சட்டையின் மணிக்கட்டுப் பொத்தானைக் கழற்றி, சிலுவையை உள்ளே செலுத்தினாள். எங்கும் தட்டாமல் போயிற்று. பொத்தானைத் திரும்பப் போட்டுவிட்டும் நோரா கையை எடுக்கவில்லை. வெளியே மழை வலுத்தது. துணிக்குள், மேலே தூக்கிய இரண்டு சின்ன மரக்கைகள் செலினின் மணிக்கட்டு நாடியில் அழுந்திக்கொண்டிருந்தன.