கட்டியாச்சு

வெல்டருக்கு மூன்று ராத்திரியாகத் தூக்கமில்லை. முதுகிலிருந்து கெண்டைக்கால் வரை கோடு போட்ட மாதிரி தடித்திருந்தது. சொறிந்து சொறிந்து நகக்கண்ணில் ரத்தம் கருத்துக் கிடந்தது. இருபது வருஷமாக நெருப்புப் பொறி விழுந்து மரத்துப்போன தோல் அது. சூடு பட்டால் முகம்கூடச் சுளிக்க மாட்டான். இந்த அரிப்பு மட்டும் அவனை அழவைத்துவிடும் போலிருந்தது.

மூட்டைப்பூச்சி. ஏதோ ஒரு பழைய லாட்ஜை இடித்தபோது மலிவாக வந்த மெத்தைகளை வாங்கி, வேனுக்குப் பின்னால் இழுத்துப்போகும் இந்தக் கேரவனுக்குள் போட்டவன் மச்சான். எல்லாருக்கும் தெரியும், யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. வெல்டரும் மச்சானும் ஒரு வருஷமாகப் பேசிக்கொள்வதில்லை.

மச்சான் என்றால் மனைவியின் தம்பி. கிரேன் ஓட்டுகிறவன். இரண்டு பேருக்கும் ஒரே இரும்பு யார்டில் வேலை. போன வருஷம் மச்சான் தூக்கிய உத்தரம் ஒன்று ஆடிப்போய் ஷெட் சுவரைப் பெயர்த்துவிட்டது. திடீரென்று அடித்த காற்று, அவன்மேல் தப்பில்லை. பக்கத்தில் நின்று பார்த்த ஒரே ஆள் வெல்டர். ஃபோர்மேன் கேட்டபோது, "நான் வெல்டிங் கண்ணாடி போட்டிருந்தேன், கவனிக்கல" என்று சொல்லிவிட்டான். நமக்கெதற்கு வம்பு என்ற நினைப்பு. மச்சானுக்கு மூன்று மாதம் வேலை போயிற்று. அன்றைக்கு அறுந்த பேச்சு.

இந்தப் பயணமே அதை ஒட்டவைக்கத்தான். திட்டம் போட்டவள் மனைவி. சண்டைக்கு முன்னால் இரண்டு பேரும் சேர்ந்து ஆரம்பித்துப் பாதியில் துருப்பிடித்துக் கிடந்த கேரவனை வெல்டரை விட்டு முடிக்கவைத்தாள். தம்பியின் வேனுக்குப் பின்னால் அதை மாட்டி, பத்து நாள் கடற்கரை என்று முடிவு செய்தாள்.

"பத்து நாள் ஒரே கூரைக்கு அடியில கிடங்க. அப்பவும் மூஞ்சியத் திருப்பிக்கிட்டுத்தான் இருப்பீங்கன்னா எனக்குப் புருஷனும் வேணாம், தம்பியும் வேணாம். பொண்ணைக் கூட்டிக்கிட்டு நான் பாட்டுக்குப் போயிடுவேன்."

சும்மா சொல்கிறவள் இல்லை. தையல் கம்பெனியில் சூப்பர்வைசர்; அவள் கையைத் தூக்கினால் நாற்பது மிஷின் நிற்கும். பெட்டி அடுக்கும்போது தன் துணியையும் மகள் துணியையும் அவள் தனிப் பெட்டியில் மடித்து வைத்ததை வெல்டர் பார்த்தான். எதற்கென்று கேட்கவில்லை.

கிளம்பி நாலு நாள். பேச்சு வந்தபாடில்லை. தவிர்க்க முடியாத இடத்தில் பதிமூன்று வயசு மகள் நடுவில் நின்றாள். ஒல்லி உடம்பு, குத்துகிற வாய். வீட்டில் வைத்த பேர் குண்டூசி.

"குண்டூசி, உங்கப்பாகிட்ட உப்பு எங்கன்னு கேளு."

"அப்பா, உப்பு."

"அவன் தலைக்குப் பின்னாலதான் இருக்குன்னு சொல்லு."

"மாமா, உன் தலைக்குப் பின்னாலயாம். நான் என்ன போஸ்ட் ஆபீசா? இனிமே ஸ்டாம்ப் ஒட்டித்தான் பேசணும் ரெண்டு பேரும்."

இரண்டாம் நாளே கடல் போயிற்று. கரையோரம் முழுக்கப் புயல் எச்சரிக்கை. வேனைத் திருப்பி உள்நாட்டில் ஒரு ஏரிக்குப் போகலாம் என்றாள் மனைவி. ஏரியும் போயிற்று. மூட்டைப்பூச்சி அதற்குள் நாலு பேரையும் சல்லடையாக்கியிருந்தது. மெத்தையைக் காயப்போட நல்ல வெயில் வேண்டும், நிழலே இல்லாத பொட்டல் வேண்டும். அப்படித்தான் நெடுஞ்சாலையை ஒட்டிய இந்த மைதானத்துக்கு வந்து சேர்ந்தார்கள். ஒரு குழாயடி, இரண்டு கழிப்பறை, வாசலில் ஒரு ஆபீஸ் அறை. வேறு ஒரு வண்டியும் இல்லை. ஒரு நாள் வாடகைக்குத்தான் நிறுத்தியிருந்தார்கள்.

ஐந்தாம் நாள் காலையில் வெல்டர் போரை ஆரம்பித்தான். மெத்தை, தலையணை, பெட்டி, பாத்திரம், அடுப்பு, எல்லாவற்றையும் வெளியே அள்ளிக் கொட்டினான். தண்ணீர்த் தொட்டியைத் திறந்துவிட்டான். வேனைக் கழற்றித் தள்ளி நிறுத்தும்படி மச்சானுக்கு மகளிடம் சொல்லி அனுப்பினான். கேரவன் வெறும் தகரக்கூடாக நின்றது. பிறகு கேஸ் டார்ச்சைப் பற்றவைத்துக்கொண்டு உள்ளே போனான்.

கட்டில் சட்டங்கள் அவன் கையால் பற்றவைத்தவை. ஒவ்வொரு இணைப்பின் இடுக்கிலும் பூச்சிகள் அப்பிக் கிடந்தன. நீலத் தீ பட்டதும் படபடவென்று வெடித்தன. அவன் குடும்பத்தின் ரத்தம்தான் இரும்பில் பொரிந்து நாறியது. வெளியே சிதறி ஓடியவற்றைக் கட்டைவிரலால் நசுக்கினான். கெட்ட வார்த்தை சொல்லிச் சொல்லி நசுக்கினான். மனைவி பின்னாலேயே செத்ததைப் பெருக்கி வந்தாள்.

"என்னங்க, பூச்சியக் கொல்றீங்களா, வேற யாரையாவது நினைச்சுக்கிட்டு கொல்றீங்களா?"

அவன் அடுத்த இடுக்குக்குத் தீயைத் திருப்பினான்.

மதியம் வெயில் செத்தது. வானத்தின் ஒரு மூலை ஈயம் பூசிய மாதிரி இருண்டு வந்தது. கரையில் அடித்த புயலின் வால் இந்தப் பக்கம் திரும்பிவிட்டது. முதல் காற்றுக்கே காலிக் கூடு லேசாக ஒரு பக்கம் எழும்பி உட்கார்ந்தது. வெல்டருக்குப் புரிந்தது. எடை இல்லை. நாலு மூலைக்கும் இரும்பு முளை அடித்து நைலான் கயிறு போட்டு இழுத்துக் கட்ட வேண்டும். கயிற்றையும் முளைகளையும் எடுத்துச் சக்கரத்தடியில் போட்டான். இன்னும் ஒரு கட்டில் பாக்கி இருந்தது.

"குண்டூசி! உங்க மாமாவைக் கட்டச் சொல்லு, சீக்கிரம்!"

கயிறு என்று சொல்லவில்லை. கிரேன்காரனுக்கு அதைச் சொல்ல வேண்டுமா என்ன? மச்சான் விஷயத்தில் அவன் ஒரு வருஷமாக வார்த்தைகளைச் சிக்கனமாகத்தான் செலவு பண்ணினான்.

மச்சான் குழாயடியில் நின்றான். அவனோடு ஆபீஸ்காரர் மல்லுக்கு நின்றுகொண்டிருந்தார். "ஒரு நாள்னுதானே சொன்னீங்க? நேத்தோட முடிஞ்சுபோச்சு. இன்னைக்குக் காசைக் கட்டு, இல்லேன்னா வண்டிய எடு." அந்த நேரம் பார்த்துக் குண்டூசி ஓடிவந்து, "மாமா, அப்பா உன்னைக் கட்டச் சொன்னாரு, சீக்கிரமாம்" என்றாள்.

"பெரிய மனுஷன் உத்தரவு போட்டுட்டாரா? சரி, கட்டித் தொலைக்கிறேன்" என்று மச்சான் ஆபீசுக்கு நடந்தான்.

கால் மணி நேரத்தில் திரும்பி வந்தான். காற்று கண்ணில் மண்ணை வீசியது. மகள் மெத்தைகளைக் கட்டிப்பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாள். உள்ளே டார்ச் சத்தத்துக்கு நடுவில் ஜன்னல் வழியாக நிழல் தெரிந்ததும் வெல்டர் கத்தினான்.

"கட்டியாச்சா?"

"கட்டியாச்சு!"

ஒரு வருஷத்தில் இரண்டு பேரும் நேருக்கு நேர் பேசிக்கொண்ட முதல் பேச்சு அது. யார்டில் இதற்கு ஒரு முறை உண்டு. சுமையைத் தூக்குமுன் கட்டியாச்சா என்று ஒரு குரல். கட்டியாச்சு என்று ஒரு குரல். அதற்குமேல் யாரும் போய்க் கயிற்றை இழுத்துப் பார்க்க மாட்டார்கள். பார்த்தால் அவனை நம்பவில்லை என்று அர்த்தம். பன்னிரண்டு வருஷம் அப்படித்தான் தூக்கினார்கள். வெல்டர் டார்ச்சை அணைத்துவிட்டு, மெத்தைகளைக் காப்பாற்ற மறுபக்கத்துக் கதவு வழியாக இறங்கி ஓடினான். பெருக்கி முடித்துவிட்டு வருவதாக மனைவி உள்ளேயே நின்றாள்.

அடுத்த காற்று லாரி மோதுகிற மாதிரி வந்தது. கேரவன் இரண்டு சக்கரத்தில் எழும்பி, ஒரு மூச்சு அப்படியே நின்று, பிறகு சாய்ந்து விழுந்தது. தகரம் கிழிந்த சத்தத்துக்குள் அவள் அலறலும் இருந்தது. மழை கொட்டியது, மழையோடு கல் கல்லாக ஆலங்கட்டி.

"அக்கா!"

இரண்டு ஆண்களும் ஒரே நேரத்தில் போய் விழுந்தார்கள். உள்ளே கட்டில் சட்டம் பெயர்ந்து அவள் தொடைமேல் குறுக்கே கிடந்தது. வெல்டர் அடித்த ஒட்டு ஒன்றுகூட விடவில்லை. சட்டம் முழுசாக அவளை அழுத்தியது. வெல்டர் வேனிலிருந்து ஜாக்கியை எடுத்துவந்து நுழைத்துக் கம்பியைத் திருகினான். மச்சான் முதுகைக் கொடுத்துத் தகரத்தை மேலே தள்ளினான். தோள் கிழிந்து ரத்தம் ஓடியது. "இன்னும், இன்னும்" என்று அவன் கத்த, "தாங்குடா" என்று இவன் கத்த, அங்குலம் அங்குலமாக அவளை வெளியே இழுத்தார்கள். நனைந்த மெத்தையில் கிடத்தினார்கள். நெற்றி பிளந்திருந்தது. கால் பிசகிய கோணத்தில் கிடந்தது. கண் திறந்திருந்தது.

அப்போதுதான் வெல்டர் பார்த்தான். சக்கரம் நின்றிருந்த இடத்தில் நைலான் கயிறு சுருட்டிய சுருள் பிரியாமல் கிடந்தது. பக்கத்தில் நாலு முளையும் வரிசையாக.

அவன் ஒன்றும் கேட்கவில்லை. ஜாக்கிக் கம்பி கையிலேயே இருந்தது. திரும்பிய வேகத்தில் வீசினான். மச்சான் தலையைக் காக்க வலது கையைத் தூக்கினான். காய்ந்த விறகு முறிகிற சத்தம். மச்சான் மண்டியிட்டு விழுந்தான்.

"பொய் சொல்லிட்டியேடா! என் பொண்டாட்டியக் கொல்லப் பாத்தியேடா!"

இரண்டாவது அடி தரையில் ஊன்றியிருந்த அதே கையின் விரல்கள்மேல் இறங்கியது. மூன்றாவதற்குக் கம்பியை ஓங்கியபோது குண்டூசி அப்பன் முழங்கையைப் பல்லால் கவ்விக்கொண்டு தொங்கினாள். அவன் உதறினான். அவள் விடவில்லை. அரிப்பெடுத்த தோல் கிழிந்து அவள் வாயெல்லாம் ரத்தம்.

தலையில் கோணியைப் போட்டுக்கொண்டு ஆபீஸ்காரர் ஓடிவந்தார். "ஐயோ, என்னய்யா இது! ஆஸ்பத்திரிக்குத் தூக்குங்கய்யா முதல்ல!" பிறகு என்ன செய்வதென்று தெரியாமல், கையில் கசங்கிய காகிதத்தை மச்சான் பக்கம் நீட்டினார். "ரசீது. காசைக் கட்டிட்டு வாங்காமலே போயிட்டீங்க. அதைக் குடுக்கத்தான் வந்தேன்..."

"என்னடா கட்டுன?" என்றாள் மெத்தையில் கிடந்தவள்.

"வாடகைக் காசைத்தான், அக்கா. மாமா கட்டச் சொன்னாருன்னு இவ வந்து சொன்னா." அவன் வலது கையை இடது கையால் ஏந்தியிருந்தான், யாருடையதோ ஒரு கையைப் பிடித்திருப்பது போல. "ஜன்னல்ல கேட்டப்பவும் அதைத்தான் கேக்குறாருன்னு..."

அவள் புருஷனைப் பார்த்தாள். நெற்றி ரத்தம் கண்ணில் இறங்கியது, துடைக்கவில்லை.

"கயிறுன்னு ஒரு வார்த்தை. அது கூடவா உங்க வாயில வராது?"

வெல்டர் கையிலிருந்து கம்பி விழுந்தது. அவன்தான் வேனை ஓட்டினான். பின்னால் அக்காளும் தம்பியும் ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்து கிடந்தார்கள். குண்டூசி நடுவில் உட்கார்ந்து யாரிடமும் எதையும் சொல்லவில்லை.

ஆஸ்பத்திரியில் எப்படி நடந்தது என்று கேட்டார்கள். மச்சான் முந்திக்கொண்டு சொன்னான்: "கேரவன் கவிழ்ந்துச்சு. அதுல மாட்டிக்கிச்சு." வெல்டர் சுவரைப் பார்த்தபடி நின்றான்.

மனைவியின் கால் ஆறு வாரத்தில் கூடிவிட்டது. ஊன்றி நடந்தாள். தனியாக மடித்து வைத்த அந்தப் பெட்டியோடு மகளைக் கூட்டிக்கொண்டு தம்பி வீட்டுக்குப் போனாள். தம்பிக்குச் சட்டைப் பொத்தான் போட ஆள் வேண்டும் என்று காரணம் சொன்னாள். அதை வெல்டரிடம் நேராகச் சொல்லவில்லை. மகளிடம் சொல்லி அனுப்பினாள்.

மச்சான் கையின் மாவுக்கட்டை வெட்டிய மறுநாள் வெல்டர் அங்கே போனான். கதவைத் திறந்தவன் மச்சான். உள்ளே தையல் மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. இவன் குரல் கேட்டதும் நின்றது, பிறகு மறுபடி ஓடியது.

"மச்சான்..." என்றான் வெல்டர். வழியெல்லாம் வேறு வார்த்தைகளைத்தான் சேர்த்து வைத்திருந்தான். "விரலை... கொஞ்சம் மடக்கிக் காட்டுடா."

மச்சான் வலது கையை நீட்டினான். ஆட்காட்டி விரலும் நடுவிரலும் ஆணி போல விறைத்து நின்றன. கிரேன் லிவரைப் பிடிக்கிற விரல்கள்.

"மடக்கிக்கிட்டுத்தான் இருக்கேன் மாமா" என்றான். "இவ்வளவுதான் மடங்குது."

யார்டில் அவன் கிரேனுக்கு வேறு ஆள் ஏறிவிட்டான். வெல்டர் தினமும் அதன் அடியில் நின்றுதான் இரும்பை ஒட்டுகிறான். மச்சானுக்கு அவன் ஒரு வலது கை பாக்கி.