ஏழு படங்கள்

கதிர்ப் பாதுகாப்பைச் சோதிக்க வந்த இன்ஸ்பெக்டர் பாதிப் படி ஏறிவிட்டார். வரவேற்பிலிருந்து போன் வந்ததுதான் தாமதம், எக்ஸ்ரே டெக்னீஷியன், கவசம் மாட்ட ஒரு கொக்கிகூட இல்லாத சுவரைக் கடந்து அலமாரியைத் திறந்து, ஈயக் கவசத்தை வாரியெடுத்து அழுக்குத்துணிக் கூடைக்குள் திணித்தாள். மேலே இரண்டு போர்வை. மூச்சு வாங்கியது.

கதவு திறந்தது. இன்ஸ்பெக்டர். பின்னால், எக்ஸ்ரே சென்டரின் முதலாளி.

"பொம்பளைப் பிள்ளைங்களுக்கு முதுகுப் படம் எடுக்கறப்போ மார்புக்கு என்ன மாட்டுறீங்க?"

"கவசம் இருக்கு சார். செக் பண்ண வெளியில குடுத்திருக்கோம்."

மூலையில் தரை துடைத்துக்கொண்டிருந்த ஆயா நிமிர்ந்தாள். "எங்க குடுத்தீங்கக்கா? காலையிலகூடப் பார்த்தேனே!" விறுவிறுவென்று கூடையைக் கிளறி இழுத்தாள். "பாருங்க, எவளோ அழுக்கோட அழுக்கா போட்டிருக்கா. தினம் நான்தான் சார் துடைச்சு, நாலா மடிச்சு வைப்பேன். என் கல்யாணப் புடவையைக்கூட இப்படி மடிச்சதில்லை."



ஆயாவின் மகளுக்குப் பதின்மூன்று வயது. முதுகெலும்பு ஒரு பக்கமாக வளைந்துகொண்டே போகிறது. நாலு மாதத்துக்கு ஒரு படம். இங்கே வேலை செய்தால் படம் இலவசம் என்றுதான், கூடுதல் சம்பளம் தந்த தையல் கம்பெனியை விட்டுவிட்டு இரண்டு வருஷத்துக்கு முன் துடைப்பம் பிடித்தாள். முதல் படத்தன்றே கேட்டாள்: "வளர்ற பிள்ளை அக்கா. கதிர் நெஞ்சுல பட்டா பிற்காலத்துல கட்டி கிட்டி வரும்னு சொல்றாங்களே?"

டெக்னீஷியன் அன்று கவசத்தை மகளின் தோளில் மாட்டினாள். முதுகெலும்புக்கு மட்டும் நடுவில் வழிவிட்டு, இரண்டு மார்பையும் மூடுகிற கவசம். அதைத் தட்டிக் காட்டிச் சொன்னாள்: "இது இருக்கில்ல? கவலைப்படாதே."

இன்ஸ்பெக்டர் கவசத்தை மேஜையில் விரித்தார். "இதையே ஒரு படம் எடுங்க."

எடுத்தாள். திரையில் ஈயம் இருக்கிற இடமெல்லாம் வெள்ளையாக வந்திருக்க வேண்டும். இடது மார்பை மூடுகிற பக்கத்தில் குறுக்கே மூன்று கறுப்புக் கோடுகள். ஒன்று விரல் நுழைகிற அகலம்.

"மடிச்சா உள்ள ஈயம் உடைஞ்சிடும். தொங்கத்தான் விடணும். மடிக்கச் சொன்னது யாரு?"

"நானாத்தான் சார்..." ஆயாவின் குரல் இறங்கியது.

"படிச்சுப் படிச்சுச் சொன்னோம் சார். காதுல வாங்கினாத்தானே?" முதலாளி டெக்னீஷியன் பக்கம் திரும்பினார். "என்னம்மா, சொன்னியா இல்லையா?"

அவள் தரையைப் பார்த்தாள். ஈரம் இன்னும் காயவில்லை.

"சொன்னேன் சார்."

ஒரு வாரத்தில் புதுக் கவசம் வாங்க வேண்டும் என்று எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு இன்ஸ்பெக்டர் போனார். அவருடைய வண்டி தெருமுனை தாண்டியதும், நாளையிலிருந்து வர வேண்டாம் என்று முதலாளி ஆயாவிடம் சொல்லிவிட்டார்.

ஆயா பையைத் தோளில் மாட்டிக்கொண்டு எக்ஸ்ரே அறை வாசலில் வந்து நின்றாள்.

"நீங்க சொன்னப்போ என் புத்தி எங்க மேயப் போச்சோ. உங்களையும் மாட்டிவிட்டுட்டேன். மன்னிச்சிருங்கக்கா."

"விடும்மா."

"என் கையாலயே மடிச்சு, என் பொண்ணுக்கே..." விரல்களை மடக்கி எண்ணினாள். "ஏழு தடவைக்கா. ஒண்ணும் ஆகாதில்ல?"

"ஆகாது."

"நீங்க சொன்னா சரி." கண்ணைத் துடைத்துக்கொண்டு, போகிற போக்கில் வாளியை ஓரமாக நகர்த்தி வைத்துவிட்டுப் போனாள்.

டெக்னீஷியன் கதவைத் தாழிட்டாள். மேஜையின் அடி இழுப்பறையில், பழைய ரிஜிஸ்டர்களுக்குக் கீழே கைவிட்டு ஒரு பிலிமை உருவினாள். விளக்குப் பலகையில் செருகினாள்.

அதே கவசம். இடது பக்கம், அதே மூன்று கறுப்புக் கோடுகள். நோயாளி பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'கவசம்' என்று அவளே டைப் அடித்திருந்தாள். ஓரத்தில் முதலாளியின் கையெழுத்து: 'அடுத்த மாதம் பார்க்கலாம்.'

கீழே தேதி. ஆயா இங்கே வேலைக்குச் சேர்வதற்கு ஒரு வருஷம் முன்பு.