புதிதாக வந்த அம்மா

செக்கிங் சாரின் வாயில் மரியாதையே கிடையாது என்று யாராவது சொன்னால் அது சுத்தப் பொய். தாராளமாக இருந்தது. பஸ்ஸில் டிக்கெட் இல்லாமல் மாட்டிக்கொண்டவனைக்கூட, "இறங்குங்க தம்பி, அடுத்த தடவை எடுத்துட்டு ஏறுங்க" என்றுதான் இறக்கிவிடுவார். வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போது அந்த மரியாதையையும் சேர்த்துக் கழற்றி வைத்துவிடுவார், அவ்வளவுதான். உள்ளே இருந்தவளுக்கு "ஏய்", "இந்தா", "எங்கடி தொலைஞ்ச?" இவை போதும் என்று இருந்துவிட்டார். கல்யாணப் பத்திரிகையில் அச்சடித்திருந்த அவள் பெயரை அதற்குப் பிறகு அவர் வாயால் அவள் கேட்டதே இல்லை. தெருவில் எல்லோரும் தையலம்மா என்று கூப்பிட்டார்கள். மகளைப் படிக்க வைத்ததில் பாதி அவள் மெஷின் மிதித்த காசு. அதைப் பற்றியும் சார் ஒரு நாளும் வாயைத் திறக்கவில்லை.

ரிட்டையர் ஆகிச் சில வருஷத்தில் மறதி பிடித்துக்கொண்டது. முதலில் சாவியை மறந்தார், அப்புறம் தெருவை, அப்புறம் சாப்பிட்டதை. டிமென்ஷியா என்றார் டாக்டர். மகள் அழுதாள். வீட்டுக்கு வந்து பார்த்துவிட்டுப் போகிற நர்ஸ் ஒரு பாடம் சொல்லிக்கொடுத்தாள்.

"அவரு என்ன சொன்னாலும் மறுத்துப் பேசாதீங்கம்மா. மிரண்டுடுவாரு. ஆமாம் போட்டுக்கிட்டே போங்க."

தையலம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆயுசு முழுக்க அவள் வேறு என்ன செய்தாளாம்! இதற்கு ஒரு பயிற்சி வேறா?

ஒரு நாள் காலையில் டீ கொண்டுபோய் நீட்டினாள். வழக்கமாக நிமிர்ந்துகூடப் பார்க்காதவர் எழுந்து நின்று, டம்ளரை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

"நீங்க யாரும்மா? புதுசா வேலைக்கு வந்திருக்கீங்களா?"

நர்ஸ் சொன்னது நினைவு வந்தது. "ஆமாங்க, இன்னிக்குத்தான் வந்தேன்."

"நல்லதும்மா. நீங்க சாப்பிட்டீங்களா?"

தையலம்மா சமையலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். துக்கத்தில் அழுதாள் என்று நினைத்தால் நீங்கள் ஏமாந்தீர்கள். ஆத்திரம். இந்த மனுஷனுக்குப் பேசத் தெரியாது, வளர்ந்த விதம் அப்படி என்று ஊருக்கெல்லாம் சமாதானம் சொல்லி, தனக்கும் சொல்லிக்கொண்டு, காலத்தை ஓட்டிவிட்டாளே! எல்லாம் தெரிந்திருக்கிறது. அவளுக்கு மட்டும் கொடுக்கவில்லை.

ஆத்திரம் அடங்கினதும் இன்னொன்று நடந்தது. அவளுக்கு அது பிடித்துப்போய்விட்டது. ஏன் பிடிக்காது? பெட்டிக்குள் கிடந்த நல்ல சேலைகளை எடுத்துக் கட்டினாள். சாப்பாட்டை வைத்துவிட்டு நின்றால், "நிக்காதீங்கம்மா, நீங்களும் உட்காருங்க" என்று பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டார். வீட்டுக்காரியாக இருந்தபோது கிடைக்காத நாற்காலி, வேலைக்காரி ஆனதும் கிடைத்தது. கூத்துதான், போங்கள்.

"உங்க கைப்பக்குவம் என் சம்சாரத்துக்கு வராதுங்க. அவ சமையல் வாயில வைக்க விளங்காது" என்றார் ஒரு நாள், அதே கை சமைத்ததைச் சப்புக்கொட்டிக்கொண்டே.

"அவங்க எங்க இப்போ?"

"எங்கயாவது தொலைஞ்சிருப்பா."

"அவ்வளவு மோசமானவங்களா?"

அவர் கொஞ்சம் யோசித்தார். "மோசம்னு சொல்ல முடியாதுங்க. என்ன சொன்னாலும் கேட்டுக்கிட்டு நிப்பா. எதிர்த்து ஒரு வார்த்தை பேச மாட்டா. அப்படி நிக்கிறவ மேல யாருக்குங்க மரியாதை வரும்?"

தையலம்மா தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

என்றாலும் அவரை விட்டுவிட அவளுக்கு மனமில்லை. அவர் கதவைத் திறந்துகொண்டு வெளியே போய், நடு ரோட்டில் நின்று வண்டிகளை நிறுத்தி டிக்கெட் கேட்டபோதுதான் மகள் பிடிவாதமாக நின்றாள். "இனிமே உன்னால முடியாதும்மா. ஒரு நாள் அடிபட்டுட்டா என்ன பண்ணுவ?" நல்ல முதியோர் இல்லம் ஒன்று பார்த்துச் சேர்த்தாள். குறை சொல்ல முடியாத இடம். சுத்தமான படுக்கை, அகலமான தாழ்வாரம், யாரும் அதட்டுவதில்லை. சார் அங்கேயும் வேலையை விடவில்லை. தாழ்வாரத்தில் வருகிற போகிறவர்களிடம் எல்லாம் டிக்கெட் கேட்டார். ஆட்கள் கைக்குக் கிடைத்த காகிதத்தைக் கொடுத்துவிட்டு நகர்ந்தார்கள்.

தையலம்மா தினமும் மத்தியானம் போவாள். டிக்கெட்டுக்குப் பதிலாகத் தையலில் மிஞ்சின ஒரு வெட்டுத் துணி கையில் இருக்கும். அவர் அதை வாங்கி இரண்டு பக்கமும் திருப்பிப் பார்ப்பார். "சரியா இருக்கும்மா. வாங்க, ஜன்னல் பக்கம் இடம் இருக்கு" என்று உட்கார வைப்பார். கால் வலிக்கிறதா என்று கேட்பார். அவள் தையலைப் பற்றிச் சொல்லுவாள், அவர் கேட்டுக்கொண்டே இருப்பார். கல்யாணம் என்று ஒன்று தனக்கு நடந்ததே இப்போதுதான் என்று அவளுக்குத் தோன்றும்.

அதிலும் மண் விழுந்தது. விழ வைத்தவள் கெட்டவளும் இல்லை. இல்லத்தைக் கவனித்துக்கொள்கிற பெரிய சிஸ்டர், தங்கமான பெண். மகள் ஒரு நாள் கண்ணைத் துடைத்துக்கொண்டே அவளிடம், "அப்பா அம்மாவை ஒரே ஒரு தடவை அடையாளம் கண்டுக்கிட்டாப் போதும் சிஸ்டர்" என்று சொல்லி, அப்பாவும் அம்மாவும் சேர்ந்து எடுத்துக்கொண்ட போட்டோ ஒன்றைக் கட்டில் பக்கத்தில் மாட்டிவிட்டுப் போனாள். பெரிய சிஸ்டர் அதைப் பிடித்துக்கொண்டாள். தினமும் காலையில் அவரை உட்கார வைத்து, போட்டோவைக் காட்டி, "இது யாரு? உங்க சம்சாரம். எங்க, சொல்லுங்க" என்று பாடம் நடத்தினாள்.

விஷயம் தெரிந்ததும் தையலம்மா நேராகப் பெரிய சிஸ்டரிடம் போனாள்.

"வேண்டாம் சிஸ்டர். மறுத்துப் பேசக்கூடாதுன்னு சொல்லுவாங்களே?"

"இது மறுக்கிறது இல்லம்மா, நினைவுப் பயிற்சி. நல்ல நினைவுகளைத் தூண்டி விடுறோம்."

நல்ல நினைவுகளாம்! அவள் மகளுக்குப் போன் போட்டாள். "அந்தப் போட்டோவை எடுக்கச் சொல்லுடி. ஆளு நிம்மதியா இருக்காரு, கிளறாதீங்க."

"உனக்குக் கல்நெஞ்சும்மா. கட்டின புருஷனுக்கு உன்னைத் தெரியலையேன்னு கொஞ்சமாவது இருக்கா உனக்கு?"

உங்கப்பாவுக்கு என்னைத் தெரியாததுதான் எனக்குக் கிடைத்த ஒரே சுகம் என்று பெற்ற பெண்ணிடம் சொல்ல முடியுமா? போனை வைத்துவிட்டாள்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு மத்தியானமும் அவர் முகத்தைப் பார்க்கிற வரைக்கும் அவளுக்கு உயிரே இருக்காது. அவர் "வாங்கம்மா" என்றதும்தான் மூச்சு வரும்.

அன்றைக்கு அவள் நுழைந்தபோது பெரிய சிஸ்டர் வாசலிலேயே காத்திருந்தாள். முகமெல்லாம் சிரிப்பு. "வாங்கம்மா, வாங்க! காலையிலேர்ந்து போட்டோவையே பார்த்துக்கிட்டு இருக்காரு." கையைப் பிடித்து இழுக்காத குறையாக உள்ளே கூட்டிப்போனாள். "ஐயா, யாரு வந்திருக்காங்கன்னு பாருங்க!"

தையலம்மா வெட்டுத் துணியை நீட்டினாள். அவர் வாங்கவில்லை. போட்டோவைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். மறுபடி போட்டோவைப் பார்த்தார். புருவம் நெரிந்தது.

"ஏய்! இத்தனை நாளா எங்கடி தொலைஞ்ச?"

அவள் நீட்டிய துணியை மடக்கிக்கொண்டாள்.

"இங்க ஒரு அம்மா வந்துக்கிட்டு இருந்தாங்க. தங்கமான மனுஷி. எங்க அவங்க? நீதானே துரத்திவிட்ட? போ, போய் அவங்களைக் கூட்டிக்கிட்டு வா! போடி!"

பெரிய சிஸ்டர் கைதட்டினாள். சத்தம் கேட்டு வந்து நின்ற இரண்டு பேரும் சேர்ந்து தட்டினார்கள். "கண்டுபிடிச்சுட்டாரு பாருங்கம்மா! உரிமையோட திட்டுறாரு பாருங்க!" என்று சிஸ்டர் அவளைக் கட்டிக்கொண்டாள். அந்த நல்ல பெண்ணின் கண்ணில் தண்ணீர்.

சார் அதற்குள் தாழ்வாரத்துக்குப் போய்விட்டார். "அம்மா, எங்கம்மா போயிட்டீங்க?" என்று ஒவ்வொரு அறையாக எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். தையலம்மா அவர் எதிரே போய் நின்றாள். "நான்தாங்க" என்றாள். அவர் அவளைக் கையால் ஒதுக்கிவிட்டு அடுத்த அறைக்குப் போனார்.

அவள் பஸ் ஏறி வீட்டுக்கு வந்து சேர்வதற்குள் மகளுக்குச் சேதி போய்விட்டது. போனில் ஒரே அழுகையும் சிரிப்பும்.

"அம்மா! அப்பாவுக்கு உன்னைத் தெரிஞ்சுடுச்சாமே!"

"ஆமாடி, தெரிஞ்சுடுச்சு. நாளையிலேர்ந்து நீ போய்ப் பார்த்துக்கோ. நான் போக மாட்டேன்."

"என்னம்மா இது, இப்பப் போய் இப்படிச் சொல்ற? அப்பா தேடுவாரும்மா!"

"தேடிக்கிட்டுத்தான் இருக்காரு" என்றாள் தையலம்மா. "என்னை இல்ல."