நாற்பத்தொரு கம்பங்கள்

தோட்டக்காரருக்கு ஊரில் 'மின்னல்' என்று பெயர். ஒன்பது மணி ரயிலுக்கு ஏழு மணிக்கே ஸ்டேஷனுக்குப் போய்த் தன் துணிப்பெட்டியின் மேல் உட்கார்ந்திருப்பவர். ஆகவே, நோய்த் தடுப்புப் பிரிவினர் அவருடைய நாற்பத்தொரு பிளம்ஸ் மரங்களில் சிவப்பு நாடா கட்டி, "வைரஸ். முப்பது நாளுக்குள் அகற்றவும். இழப்பீடு உண்டு" என்று ஒரு தாளைக் கொடுத்துவிட்டுப் போனதும், மறுநாள் காலையிலேயே வெட்டும் ஆட்களோடு வந்து நின்றார்.

"முப்பது நாள் இருக்குதேங்க," என்றாள் மனைவி.

"பக்கத்துத் தோட்டத்துக்கு ஒட்டிக்கிச்சுன்னா யாரு பதில் சொல்றது?"

மூன்றே நாளில் எல்லாம் சாம்பல். பதினாறு வருடம் அவரே கிளை நறுக்கி, கவாத்து செய்து வளர்த்த மரங்கள். கடைசி மரம் சாய்ந்தபோது அவர் மோட்டார் அறைக்குள் போய், ஓடாத மோட்டாரை வெகுநேரம் துடைத்துக்கொண்டிருந்தார்.

பத்து நாள் கழித்து, அளவு நாடாவோடு ஓர் உயரமான அதிகாரி வந்தார். வெறும் குழிகளைப் பார்த்துத் திகைத்து நின்றார்.

"மரம் எங்கே?"

"எரிச்சாச்சு சார். நீங்கதானே வெட்டச் சொன்னீங்க?"

"அது நோய்ப் பிரிவு. நான் இழப்பீட்டுப் பிரிவு. நிக்கிற மரத்தைத்தான் நான் அளக்க முடியும்."

நல்ல மனிதர்தான். குழி விளிம்பில் உட்கார்ந்து படிவத்தை மூன்று முறை படித்தார். 'தரையில் நிற்கும் தண்டின் சுற்றளவு, முழங்கால் உயரத்தில்' என்றிருந்தது. தண்டு உயிரோடு இருக்க வேண்டும் என்றோ, பிளம்ஸாக இருக்க வேண்டும் என்றோ எங்கும் இல்லை.

"நான் ஒண்ணும் சொல்லலை," என்றார் அதிகாரி. "செவ்வாய்க்கிழமை வர்றேன். ஏதாவது நின்னா அளப்பேன்."

மரக்கடைக்குப் போனது மனைவிதான். குளிர்காலம்தோறும் ஒவ்வொரு மரத்துக்கும் சாக்குச் சுற்றிக் கட்டியவள் அவள். நாற்பத்தொன்றின் பருமனும் அவள் கைகளுக்குத் தெரியும். கடையில் அடுக்கியிருந்த கம்பங்களை ஒவ்வொன்றாகக் கட்டிப்பிடித்துப் பார்த்தாள்.

"இது கிணத்தோரத்து மரம். இது வேண்டாம், ரொம்ப ஒல்லி. இதோ, வேலிகிட்ட நின்னது!"

கடைக்காரர் கல்லாவை மூடிக்கொண்டு எட்ட நின்றார். "அம்மாவுக்கு உடம்பு சரியில்லையா?" என்று துணைக்கு வந்திருந்த மின்னலிடம் மெதுவாகக் கேட்டார். மின்னல் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

செவ்வாய்க்கிழமை, நாற்பத்தொரு குழிகளில் நாற்பத்தொரு கம்பங்கள் நின்றன. அதிகாரி சிரிக்கவே இல்லை. குனிந்து நாடாவைப் பிடித்தார்.

"முழங்கால் உயரம்னா யாரோட முழங்கால்ங்க?" என்றாள் மனைவி. "உங்களுது மேல இருக்கு. அங்க தண்டு சிறுத்துடும்."

அதிகாரி யோசித்தார். படிவம் அதைச் சொல்லவில்லை. கடைசியில் அவளையே ஒவ்வொரு கம்பத்தின் பக்கத்திலும் நிற்கவைத்து, அவள் முழங்கால் மட்டத்தில் அளந்தார்.

"நோய்க்கு அடையாளமா இலையில் மஞ்சள் வளையம் உண்டா?"

"இலையே இல்லீங்களே."

'இலையுதிர்ந்த நிலை' என்று எழுதிக்கொண்டார்.

ஒன்றரை மாதம் கழித்து, கையெழுத்துப் போட மேலதிகாரி நேரில் வந்தார். வரிசையாகப் பார்த்துத் தலையாட்டிக்கொண்டே போனவர், இருபத்தேழாவது கம்பத்தின் முன் நின்றுவிட்டார். ஈரம் காயாத பச்சைக் கம்பம் போலிருக்கிறது. துளிர் விட்டிருந்தது.

"இது நல்லாத்தானே இருக்கு? நல்ல மரத்துக்கு இழப்பீடு கிடையாது."

"சார், அது..." என்று மின்னல் தொடங்கினார். மனைவி அவர் காலை மிதித்தாள்.

"அனுமதி இல்லாம இதை வெட்டவும் கூடாது," என்று சொல்லிவிட்டு, நாற்பது மரங்களுக்குக் கையெழுத்துப் போட்டார் மேலதிகாரி.

பணம் வந்தது. மற்ற கம்பங்களைப் பிடுங்கி மரக்கடைக்காரருக்கே பாதி விலைக்குக் கொடுத்தார்கள். இருபத்தேழாவது மட்டும் வெறும் தோட்டத்தின் நடுவில் நிற்கிறது. என்ன மரம் என்று கடைக்காரருக்கும் தெரியவில்லை.

"காய்க்குமா?" என்று ஒருநாள் மின்னல் கேட்டார்.

"அதை எதுக்கு இப்ப கேக்குறீங்க? பயந்துக்கப் போவுது," என்றாள் அவள், வாளித் தண்ணீரை அதன் அடியில் மெதுவாகச் சாய்த்தபடி.