காய்ந்த கட்டு

கைக்காயத்தின் கட்டைப் பிரிக்கும்போதெல்லாம் அக்கா சன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். அதனால் சின்னவள் என்ன செய்கிறாள் என்பதை அவள் ஒருநாளும் பார்த்ததில்லை. அப்படித்தான் சின்னவள் நினைத்துக்கொண்டிருந்தாள்.

அக்கா ஓட்டல் சலவைக்கூடத்தில் வேலை பார்த்தவள். படுக்கை விரிப்புகளைத் தேய்க்கும் சூட்டு உருளை அவளது வலது கையை இழுத்துக்கொண்டது. மெஷினை நிறுத்தி வெளியே எடுத்தபோது உள்ளங்கை முழுக்க வெந்திருந்தது. புருஷன் வீட்டிலிருந்து ஒரே ஒரு பையோடு கிளம்பிய சின்னவள், போக்கிடம் இல்லாமல் அக்கா வீட்டுக்கு வந்து சேர்ந்து அப்போது பத்து நாள்தான் ஆகியிருந்தது. அந்தப் பத்து நாளும் அக்கா அவளுக்குச் சோறு போட்டாள். கூடவே, கட்டினவனோடு குப்பைகொட்டத் துப்பில்லாதவள் என்று வாய்க்கு வாய் சொல்லியும் காட்டினாள். கை வெந்த பிறகு அந்தப் பேச்சு நின்றது. தலை வார, சாதம் பிசைந்து ஊட்ட, கட்டு மாற்ற எல்லாவற்றுக்கும் ஆள் வேண்டியிருந்தது.

மருத்துவமனையில் நர்ஸ் சொல்லிக்கொடுத்திருந்தாள். பழைய துணியை அப்படியே பிய்க்கக் கூடாது. உப்புத் தண்ணீரை ஊற்றி, நன்றாக ஊறவிட்டுத்தான் எடுக்க வேண்டும். முதல் சில வாரம் கை வீங்கிக் கொதித்தது. காயம் வேண்டாத சதையைத் தானே கரைத்துத் தள்ளுகிறது, பயப்படாதே என்றாள் நர்ஸ். பிறகு வீக்கம் வடிந்தது. ஆறாவது வாரம் பள்ளத்தின் அடியில் சிவப்பாகப் பொடிப்பொடியாய்ப் புதுச்சதை எழும்பியது. ஓரத்திலிருந்து வெங்காயச் சருகு மாதிரி மெல்லிய தோல் நாளுக்கு ஒரு நூல் அளவு உள்ளே நகர்ந்தது. சின்னவளுக்கு அதைப் பார்க்கப் பார்க்க ஆசையாக இருந்தது. அவள் கைபட்டு உருப்பட்ட ஒன்று என்று அதைத்தான் சொல்ல முடியும்.

இன்னும் இரண்டு வாரத்தில் மூடிவிடும் என்று டாக்டர் சொன்ன அன்று, வீடு திரும்பிச் செருப்பைக் கழற்றும்போதே அக்கா சொன்னாள்: "கை சரியானதும் நீ வேற இடம் பாத்துக்க. எங்க வீட்டுக்காரருக்கு நீ இங்க இருக்கறது பிடிக்கல."

மறுநாள் காலை சின்னவள் உப்புத் தண்ணீர்ப் பாட்டிலைத் திறந்தாள். திரும்ப மூடினாள். காய்ந்து ஒட்டியிருந்த துணியின் முனையைப் பிடித்து ஒரே இழுப்பாக இழுத்தாள். புதுச்சதையும் மெல்லிய தோலும் துணியோடு வந்தன. பொட்டுப் பொட்டாக ரத்தம் துளிர்த்தது. அக்காவின் தோள் ஒருமுறை தூக்கிப்போட்டது, சத்தம் வரவில்லை. சன்னலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிறகு ஐந்தாறு நாளைக்கு ஒருமுறை அப்படிச் செய்தாள். இடைப்பட்ட நாட்களில் யாரும் குறை சொல்ல முடியாத அளவுக்குப் பார்த்துக்கொண்டாள். காயம் மூடப் பார்க்கும், திறக்கும், மறுபடி சீழ் கோத்துக் கொதிக்கும். டாக்டர் மருந்தை மாற்றினார், சர்க்கரை இருக்கிறதா என்று பார்த்தார், அக்காவுக்கு உடம்பில் சத்தில்லை என்றார். சின்னவள் தலையாட்டிக் கேட்டுக்கொண்டாள்.

ஐந்தாம் மாதம், ஒரு குழந்தைகள் காப்பகத்தில் அவளுக்கு வேலை கிடைத்தது. தங்க அறையும் உண்டு. அன்றிலிருந்து அவள் துணியைப் பிய்க்கவில்லை. காயம் மூன்றே வாரத்தில் மூடியது. ஆனால் மூடியது தோலாக இல்லை. தடித்துப் பளபளத்த தழும்பாக இருந்தது. அது சுருங்கச் சுருங்க விரல்களை உள்ளங்கைக்கு இழுத்தது. இவ்வளவு நாள் ஆறாமல் கிடந்த காயம் இப்படித்தான் முடியும் என்றார் டாக்டர். தினமும் பிடித்து நீட்டிவிட்டால் கொஞ்சம் விரியலாம், விரியாமலும் போகலாம்.

சின்னவள் துணிமணியைப் பையில் அடுக்கிக்கொண்டிருந்தபோது அக்கா வாசலில் வந்து நின்றாள்.

"கட்டத் தண்ணி ஊத்தாமப் பிச்சே, இல்ல?"

சின்னவள் கையிலிருந்த புடவை மடிப்பு கலைந்தது.

"எனக்கு மொத நாளே தெரியும்."

"அப்ப ஏங்க்கா சொல்லல?"

"நீ எத்தன நாளைக்குத்தான் செய்வேன்னு பாத்தேன்." அக்கா நிதானமாகச் சொன்னாள். "எப்படியும் ஆறிடும்னு நெனச்சேன்."

பிறகு அக்கா, சலவைக்கூடத்தில் வேறு ஆள் வைத்துவிட்டார்கள் என்றாள். பிய்த்த விஷயத்தைப் புருஷனிடமோ டாக்டரிடமோ சொல்லப்போவதில்லை என்றாள். "நீ இங்க இருக்கற வரைக்கும்."

காப்பகத்தில் வேறு ஒருத்தி சேர்ந்தாள்.

தினமும் காலையில் அக்கா நாற்காலியில் உட்கார்ந்து கையை நீட்டுகிறாள். சின்னவள் தரையில் உட்கார்ந்து, எண்ணெய் தடவி, மடங்கிய விரல்களை ஒவ்வொன்றாகப் பிடித்துப் பின்னால் இழுக்கிறாள். தழும்பு முறுக்கேறி வெளுக்கிறது. அக்காவின் நெற்றியில் வியர்வை அரும்புகிறது. இப்போது அவள் சன்னல் பக்கம் திரும்புவதில்லை. தங்கையின் முகத்தையே இமைக்காமல் பார்க்கிறாள்.

"இன்னும் இழு," என்கிறாள்.