உப்புவெளி டிராக்

தண்ணீர் வாரியத்தின் புகார்ப் பிரிவில் ஒரு நாளைக்கு நூறு பேராவது அவளிடம் சண்டை போடுவார்கள். குழாயில் தண்ணீர் வராதவர்கள், வந்த தண்ணீரில் புழுவைக் கண்டவர்கள், தெருவில் உடைந்து ஓடும் குழாயைப் பார்த்து வயிறெரிந்தவர்கள். எல்லாருடைய கோபத்தையும் காதில் வாங்கிக்கொண்டு, “உங்க புகாரைப் பதிவு பண்ணிட்டேங்க” என்று சொல்வதுதான் வேலை. பதினாறு வருஷமாகச் சொல்லிச் சொல்லி அந்த வாக்கியம் தேய்ந்த படிக்கட்டு மாதிரி ஆகிவிட்டிருந்தது.

வாரத்தில் இரண்டு மூன்று நாள் வேலை முடிந்து ஒலிப்பதிவுக் கூடத்துக்குப் போவாள். கோரஸ் பாடுவாள், விளம்பரத்துக்கு ஒரு வரி பாடுவாள், பெரிய பாடகர்கள் வருவதற்கு முன் டிராக் பாடுவாள். மெட்டு இப்படிப் போகிறது என்று காட்டப் பாடி வைப்பதுதான் டிராக். பெரியவர்கள் வந்து அதைக் கேட்டுவிட்டுத் தாங்கள் பாடுவார்கள். அப்புறம் டிராக்கை அழித்துவிடுவார்கள். வீடு எழும்பியபின் சாரத்தை யார் வைத்துக்கொள்கிறார்கள்? எப்போதும் இரண்டாவது மைக்கிலேயே நிற்பதால் கூடத்தில் அவளுக்கு ‘ரெண்டாம் மைக்’ என்றே பெயர். நாற்பத்தெட்டு வயதில் அந்தப் பட்டத்தோடு சமாதானமாகிவிட்டாள். ஆனால் தன் குரல் சுத்தமான குரல் என்பதில் மட்டும் ஒரு கர்வம் உண்டு. பன்னிரண்டு வருஷம் முறையாகக் கற்றது. சுருதி ஒரு நூல்கூடப் பிசகாது.

இரண்டு வருஷத்துக்கு முன்பு ஒருநாள் ஊரின் பெரிய குழாய் வெடித்தது. அன்று மட்டும் இருநூற்றுக்கு மேல் அழைப்புகள். மதியச் சாப்பாடு டப்பாவிலேயே ஆறியது. ஆறு மணிக்குக் கூடத்துக்குப் போனபோது அவள் தொண்டை உப்புத்தாள் போட்டுத் தேய்த்த மாதிரி இருந்தது.

இசையமைப்பாளர் அவளைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது சின்னவன். நகம் கடித்துக்கொண்டே பேசுவான்.

“ஒரு வீடியோ கேமுக்கு, அக்கா. நானூறு வருஷத்துக்கு முந்தின கதை. கோட்டை விழுந்துடுது, தப்பிச்சவங்கல்லாம் உப்புவெளியைத் தாண்டி நடந்து போறாங்க. நாளைக்கு வயலின்காரர் வர்றார், அவருக்கு டிராக் வேணும். வார்த்தை கிடையாது. சும்மா முனகினாப் போதும்.”

“உக்காந்து பாடட்டுமா? கால் நிக்க மாட்டேங்குது.”

செருப்பைக் கழற்றி ஓரமாகத் தள்ளிவிட்டு, நாற்காலியில் சாய்ந்து, கண்ணை மூடிக்கொண்டு ஒரே தடவை பாடினாள். மூன்றாவது சுற்றில் மேல் ஸ்தாயிக்குப் போனபோது குரல் உடைந்தது. மூச்சு தனியாகக் கேட்டது. இறங்கும்போது சுருதியும் கொஞ்சம் தளர்ந்தது. அவளுக்கே கூச்சமாக இருந்தது.

“இன்னொரு தடவை பாடிடறேன்.”

“வேணாம்க்கா, டிராக்தானே. வீட்டுக்குப் போங்க, பாத்தாலே பாவமா இருக்கு.”

விட்டால் போதுமென்று கிளம்பினாள். பஸ்ஸில் உட்கார்ந்ததும் தூங்கியவள் இரண்டு நிறுத்தம் தள்ளித்தான் விழித்தாள். அதோடு அதை மறந்தும் போனாள்.

மெட்டு மட்டும் எப்படியோ ஒட்டிக்கொண்டது. அலுவலகக் கணினியில் ஒரு பக்கம் திறப்பதற்குள் ஒரு யுகம் போய்விடும். அந்த வேளையில் அவளை அறியாமல் அதை முனகுவாள். அப்போது அழைத்தவருக்குக் கேட்காதபடி பொத்தானை அழுத்திவைக்க வேண்டும் என்பது விதி. போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை அழுத்த மறந்துவிட்டாள். அந்தப் பக்கம், நாலாவது மாடியில் மூன்று நாளாகத் தண்ணீர் இல்லை என்று குதித்துக்கொண்டிருந்த ஒரு ஆள், திடீரென்று அடங்கிப்போனார்.

“ஹலோ, லைன்ல இருக்கீங்களா?”

“அம்மா… இப்ப நீங்க பாடினீங்களே, அது உப்புவெளிப் பாட்டுதானே?”

“மன்னிச்சுக்குங்க சார், தெரியாம…”

“இல்லம்மா. அந்தக் குரலே நீங்கதானே? அந்த மூச்சு எனக்குத் தெரியும். அது யாருன்னு ஒரு வருஷமா எல்லாரும் தேடிக்கிட்டிருக்கோம்.”

அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. “உங்க புகாரைப் பதிவு பண்ணிட்டேங்க” என்று வைத்துவிட்டாள். உண்மையில் பதிவு செய்யவில்லை. மறுநாள் ஞாபகம் வந்து செய்தாள்.

சாயங்காலம் வீட்டில் கொழுந்தனிடம் கேட்டாள். அவள் கணவரின் தம்பி. முப்பத்தேழு வயது. வேலைக்குப் போய்வந்த நேரம் தவிர மற்ற நேரமெல்லாம் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஹால் டிவியில் கேம் ஆடுகிறவன்.

“கோட்டை விழுந்து ஜனங்க உப்புல நடக்கற மாதிரி ஏதாவது கேம் இருக்கா?”

அவன் அந்த இடத்தை ஓடவிட்டு, ஹெட்போனைக் கழற்றி அவள் காதில் மாட்டினான். அவள் குரல்தான். உடைந்த இடம், மூச்சு, தளர்ந்த சுருதி, எல்லாம் அப்படியே இருந்தது. வயலின் எங்கேயும் இல்லை.

“இது நான்தான்” என்றாள்.

“அண்ணி! ஆறு மாசமா இதைக் கேட்டு அழுதுக்கிட்டிருக்கேன். நீங்க பக்கத்துலேயே உக்காந்து துணி மடிச்சுக்கிட்டிருந்தீங்க!”

நாலாவது மாடிக்காரர் சும்மா இருக்கவில்லை. அந்தக் குரல் தண்ணீர் வாரியத்தில் இருக்கிறது என்று, கேம் ஆடுகிறவர்கள் இணையத்தில் கூடும் இடத்திலெல்லாம் எழுதிவிட்டார். வாரம் முடிவதற்குள் இசையமைப்பாளர் கூப்பிட்டான். வயலின்காரர் அன்று டிராக்கைக் கேட்டுவிட்டு, “இதுக்கு மேல நான் என்னத்தைய்யா வாசிக்கறது?” என்று வில்லைப் பெட்டிக்குள் வைத்துவிட்டாராம். அந்த கேமில் முப்பத்தெட்டு இசைத் துண்டுகள். ஜனங்கள் சொல்வது இது ஒன்றைத்தான். கடைசியில் ஓடும் பெயர்ப் பட்டியலில் ‘கூடுதல் குரல்கள்’ என்று மட்டும் இருந்தது.

“உங்ககிட்டச் சொல்லணும்னுதான் இருந்தேன். நாளாக நாளாக வெக்கமா போயிடுச்சு, அக்கா.”

“சரி, இப்ப என்ன?”

பாட்டுகளைத் தனித்தொகுப்பாக வெளியிடப் போகிறார்களாம். அவள் பெயரோடு, நல்ல மைக்கில், புதிதாக ஒருமுறை பாட வேண்டுமாம்.

இரண்டு நாள் லீவு போட்டாள். தொண்டைக்கு வெந்நீர், எட்டு மணி நேரத் தூக்கம், காலையில் சாதகம். “கல்யாணப் பொண்ணு மாதிரி கிளம்பறே” என்றார் கணவர். கூடத்தில் முதல் மைக்கில் நின்று பாடினாள். குரல் எண்ணெய் மாதிரி ஓடியது. மேல் ஸ்தாயியில் ஊசிமுனை போல நின்று, இறங்கி, சுருதியில் வந்து உட்கார்ந்தது. பாடி முடித்தபோது இருபது வருஷத்தில் இவ்வளவு நன்றாகப் பாடியதில்லை என்று அவளுக்குத் தெரிந்தது.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இசையமைப்பாளர் நகத்தைக் கடித்தான். வெளியே வந்து பக்கத்தில் உட்கார்ந்தான்.

“நல்லாத்தான் இருக்குக்கா.”

“ஆனா?”

“தப்பா எடுத்துக்காதீங்க. ஒரு நாள்… ஆபீஸ் முடிஞ்சு நேரா வர முடியுமா? கொஞ்சம் அலைச்சலான நாளாப் பாத்து?”

அவள் சிரித்துவிட்டாள். சிரிப்பு பாதியிலேயே நின்றது.

“தம்பி, பன்னெண்டு வருஷம் படிச்சது இப்பப் பாடினதுக்குத்தான். நீங்க கேக்கறது என் குரல் இல்ல. இருநூறு பேரு திட்டினதுக்கு அப்புறம் மிச்சமிருந்தது அது.”

“அதைத்தான் ஜனங்க…”

“இருக்கட்டும். அதுக்காக இன்னொரு குழாய் வெடிக்கணுமா?”

அவளுக்கு அவன் மேல் கோபம் வரவில்லை. கேட்டதில் நியாயமும் இருந்தது. இரண்டு பதிவையும் அடுத்தடுத்து ஒலிக்கச் சொல்லிக் கேட்டாள். புதியது குற்றம் சொல்ல முடியாததாக இருந்தது. பழையதைக் கேட்கும்போது, அதைப் பாடியவளை எழுப்பி வீட்டுக்கு அனுப்பிவைக்க வேண்டும் போல் இருந்தது.

“பழசையே போடுங்க. பேரை மட்டும் சரியாப் போடுங்க. புதுசு எனக்கு ஒரு பிரதி வேணும்.”

அப்படியே ஆயிற்று. அலுவலகத்தில் பொத்தானை அழுத்தாததற்கு மேற்பார்வையாளர் ஒரு எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தார். கொடுத்த கையோடு தன் மகளுக்காகக் கையெழுத்தும் கேட்டார். மறுநாளும் தண்ணீர் வராதவர்கள் திட்டினார்கள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கொழுந்தன் ஹெட்போனைக் கழற்றிவைத்து, அவளையும் கணவரையும் பக்கத்தில் உட்காரவைத்து அந்த இடத்தை ஆடிக் காட்டினான். தான் எதற்குப் பாடினோம் என்பதை அவள் இதுவரை பார்த்ததே இல்லை. திரை முழுக்க வெள்ளை. மூட்டைகளோடு ஜனங்கள் வரிசையாகப் போனார்கள். சண்டை இல்லை, வாள் இல்லை, நடை மட்டும். வரிசையின் கடைசியில் ஒரு நடுத்தர வயதுப் பெண் நின்றாள், குனிந்தாள், உப்பின் மேலேயே உட்கார்ந்துவிட்டாள்.

“இவளை விட்டுட்டுப் போயிடலாம். பக்கத்துல நின்னா கொஞ்ச நேரத்துல அவளே எந்திரிப்பா. நின்னா ஒண்ணும் கிடைக்காது, நேரம்தான் போகும்” என்றான் கொழுந்தன். “நடக்கட்டுமா அண்ணி?”

குரல் அந்த மூன்றாவது சுற்றுக்குள் நுழைந்துகொண்டிருந்தது. அவள் காலை மடித்து சோபாவின் மேல் வைத்துக்கொண்டு பின்னால் சாய்ந்தாள்.

“இரு,” என்றாள். “கொஞ்ச நேரம் உக்காரட்டும்.”